இடப்பக்கக் கடல்

கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்கள்.
வட்டம் சரியாகத்தான் வந்தது.
பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கமாகவே அடுக்கினார்.
ஆறுக்குப் பிறகு இடமில்லாமல்
ஏழும் எட்டும் ஒன்றன்மேல் ஒன்றேறி நின்றன,
கந்தளாய் போகும் கடைசி பஸ்ஸின் மிதிபலகையில் மாதிரி.
இடப்பாதி வெறும் தாள்.
"முடிஞ்சுது" என்று பேனையை வைத்தார்
சீனன்குடா மாவு ஆலையில்
இருபத்தாறு வருடம் மூட்டை எண்ணிய
அரியரத்தினம்.

கண்ணில் பழுதில்லை, என்றார் டொக்டர்.
ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
வலது மூளையில் ஒரு கறுப்பைக் காட்டினார்.
மிளகளவு கட்டி போய் அடைத்ததாம்.
இடப்பக்க உலகத்துக்குக் கேற் திறந்துவிடுகிற காவலாளி
அங்கேதான் இருந்தானாம்.
"பார்க்கிறார் அம்மா. ஆனா அவருக்கு அது இல்லை."

காரணம் கேட்டேன்.
கேட்டிருக்கத் தேவையில்லை.
கிளினிக் கொப்பியில் ஐந்து மாதம் வெறுமை.
"தலையிடி இல்லாதவனுக்கு என்ன பிறஷர்"
என்று குளிசையை நிறுத்தியது அவர்.
கையிருப்பில்லை, வெளியில் வாங்குங்கோ என்று
துண்டெழுதித் தந்தது ஆஸ்பத்திரி.
துண்டைச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்து
மறந்தது நான்.
உப்புவெளியில் வீடு.
முதலில் ஊர்ப்பெயரில் உப்பு, பிறகு கறியில்,
கருவாட்டில், நெத்தலிப் பொரியலில்.
எந்தக் கரண்டி என்று எந்த ஸ்கானிலும் தெரியாது.

சோற்றின் வலப்பாதி முடிந்ததும்
"இவ்வளவுதானா?" என்கிறார்.
கோப்பையைத் திருப்பி வைக்கிறேன்.
புதிதாய்ச் சோறு வந்த சந்தோஷம்.
வலக் கன்னம் மட்டும் மழிக்கிறார்.
கன்னியாவுக்குக் கூட்டிப் போனோம்.
ஏழு கிணறு. நாலு என்றார்.
ஒரு மூட்டை பிசகினாலும்
லொறியை மறித்து நின்றவர்.

ஒரு விடியப்புறம் தன் இடக்கையைத் தூக்கி
என் மடியில் போட்டார்.
"உன்ர கை. எடு. பாரமாக் கிடக்கு."
இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டேன்.
முப்பது வருடத்தில் அவராகத் தந்த முதல் கை.
சூடாகத்தான் இருந்தது.

கட்டிலில் என் இடம் எப்போதும் இடப்பக்கம்.
அதனால் நானும் இல்லை.
என் குரலுக்கு
வலப்பக்கச் சுவரிடம் பதில் சொல்வார்.
தலையணையோடு மறுபக்கம் மாறினேன்.
"எங்க போயிருந்தனி?" என்றார்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

கைகால் பயிற்சிக்குக் கிண்ணியாவிலிருந்து வரும் பர்வீன்
கட்டிலைப் பார்த்ததும் தலையாட்டினாள்.
"திரும்ப இடப்பக்கமே போங்க அன்ரி.
அங்க நிண்டு கூப்பிடுங்க.
தேடித் தேடித்தான் அந்தப் பக்கம் வரும்."
காணாமல் போவதற்கு
நானே எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

இப்போது பின்னேரங்களில் கோட்டைக்குப் போகிறோம்,
காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து.
போகும்போது அவருக்கு டச்சு விரிகுடா மட்டும்.
திரும்பும்போது மற்றக் கடல் மட்டும்.
இரண்டும் ஒரே ஊரில் என்றால் சிரிக்கிறார்,
நான் கயிறு திரிக்கிறேன் என்று.
நான் இடப்பக்கம், அந்த இல்லாத இடத்தில்,
"இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ" என்றபடி.
கச்சான் விற்கிறவன் மட்டும் திரும்பிப் பார்க்கிறான்.

நேற்று வாசலடியில் ஒரு மான்
என் பக்கமிருந்து குறுக்கே வந்தது.
மூக்கு நேருக்கு வந்தபோதுதான்
அவருக்கு அது பிறந்தது:
முதலில் முகம், பிறகு கழுத்து, புள்ளிகள், வால்.
வாய் பிளந்து நின்றார்.
"எங்கயிருந்து வந்தது?"

திசை சொல்லவில்லை நான்.
"இஞ்சருங்கோ" என்றேன்.
தாடை கொஞ்சம் அசைந்தது.
தோள்வரை வந்தது முகம்.
ஒரு ஓட்டோ ஹோர்ன் அடிக்க
வந்த வழியே திரும்பிப் போனது.

"ஒரு மான்தானே?" என்றார்.
எனக்குப் பின்னால் இன்னும் மூன்று நின்றன,
வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு.

"எண்ணிச் சொல்லுங்கோ" என்றேன்.