தன்மை ஒருமை

ஐந்து பல் பிடுங்க வேண்டும் என்றார் டாக்டர் ஊய்.
கடைவாயில் மூன்று, மேலே இரண்டு.
கதிர் பட்ட தாடையில் பிறகு கை வைக்க முடியாதாம்,
புண் ஆறாதாம்.
"அப்போ இப்பவே எடுத்துடுங்க" என்றேன்,
வீடு காலி செய்பவன் பழைய நாற்காலியைக் காட்டுவதுபோல்.

பினாங்கு நீதிமன்றத்தில் இருபத்தொன்பது வருடம்
தமிழுக்கும் மலாய்க்கும் நடுவில் நின்றவன் நான்.
எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு:
"அவர் சொல்கிறார்" என்று ஆரம்பிக்கக் கூடாது.
அவன் நான் என்றால் நானும் நான்.
நான் அந்த மோட்டார் சைக்கிளைத் திருடவில்லை, துவான்.
நான் அவளை அடித்தது அன்றைக்கு மட்டும்தான்.
என் பிள்ளைக்குப் பால்மாவு இல்லை, அதனால் எடுத்தேன்.
எத்தனை பேருடைய நான்
இந்த நாக்கில் ஏறி இறங்கியிருக்கும்.
இடது ஓரத்தில் இப்போது
மொச்சைக்கொட்டை அளவில்
யாருடையது என்று தெரியாத ஒன்று.

தவமணி சமைக்கிறாள், சமைத்துக்கொண்டே இருக்கிறாள்.
எடை ஏற்றுங்கள் என்று தாதி சொன்னது
அவளுக்கு அருள்வாக்கு.
காலையில் முட்டை, மைலோ. பத்து மணிக்கு அவித்த வாழைப்பழம்.
மதியம் ஆட்டுக்கால் சூப்.
பல் போன பக்கத்தை ஏமாற்றி
மறுபக்கமாக மெல்கிறேன்.
இனி கொஞ்ச நாளில் எதுவும் ருசிக்காதாமே என்று
ஆயர் ஈத்தாம் சந்தையில் நின்று அழுதாளாம்.
மீன்காரன் சொல்லித்தான் தெரியும்.
அன்றைய வௌவால் மீனுக்கு அவன் காசு வாங்கவில்லை.

வெந்நீரில் ஊறிய பிளாஸ்டிக் வலை
முகத்தில் இறங்கியது.
முதலில் சூடு. பிறகு ஈரத்துணி. பிறகு ஓடு.
"ஜாங்கான் கெராக், அங்கிள்" என்றாள் ஃபரா.
உள்ளே ஒருவன் உடனே மொழிபெயர்த்தான்:
அசையாதீர்கள், ஐயா.
கழற்றிக் காட்டினாள்.
கண் இல்லாமல், கொசுவலையில் செய்த நான்.
நெற்றியில் மார்க்கரால் என் ஐசி நம்பரை எழுதி
அலமாரியில் வைத்தாள்.
அங்கே ஏற்கெனவே நிறையப் பேர்.
எனக்குக் கீழ்த்தட்டு.

வெளியே நடைபாதையில் ஓர் இளம் டாக்டர்,
சுங்கை பாக்காப் அங்கம்மாவுக்கு
மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார்.
மகன் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான்.
வெற்றிலைக் கறை படிந்த வாயை முந்தானையால் மூடி
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.
அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.
கூண்டில் நிற்பவர்கள் புரியாமல் ஆட்டுவது.
ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவார்கள்.

எழுந்து போனேன்.
வயிற்றில் சின்னத் துளை போட்டு
ஒரு குழாய் வைப்போம் என்றேன்.
பல் போன இடத்தில் ழகரம் வழுக்கியது,
குயாய் என்று விழுந்தது.
அவள் சிரிக்கவில்லை. கேட்டாள்:
"மறுபடி வாயால சோறு திம்பேனாய்யா?
எனக்குப் பயமா இருக்கு."

விதிப்படிதான் டாக்டரிடம் திரும்பினேன்.
சாயா தாகுட், என்றேன்.
எனக்குப் பயமாக இருக்கிறது.
அவர் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல்
இரண்டு பேரையும் பார்த்தார்.

பெரும்பாலும் சாப்பிட முடியும். மாதக்கணக்கில் ஆகலாம்.
விழுங்கும் பயிற்சியை மட்டும் விடக் கூடாது.
அந்தப் 'பெரும்பாலும்'ஐ
கூட்டாமல் குறைக்காமல்
அவள் கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கு நான்.
எட்டே முக்காலுக்கு அங்கம்மா.

இரவு. நாக்கு நுனியை முன்பல்லால் பிடித்துக்கொண்டு
எச்சில் விழுங்க வேண்டும், பத்துத் தடவை.
தவமணி எண்ணினாள்.
ஏழில் குரல் நின்றுவிட்டது,
உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.
விளக்கை அணைத்துவிட்டு
எட்டிலிருந்து நானே எண்ணினேன்.