நூற்று நாற்பதாம் பக்கம்

பள்ளி ஆலோசகர் ஹெல்வி
ஒரு நாவல் தந்தார்.
அதில் வருபவளுக்கும் பதினாறு வயது.
அவளுக்குக் கார்,
எனக்கு ஏரி.

நூற்று நாற்பதாம் பக்கத்தில்
மழையில் நின்று வாய்விட்டு அழுகிறாள்.
அடுத்த அத்தியாயத்தில் தேறிவிடுவாள் போலிருக்கிறது.
மூடி வைத்துவிட்டேன்.

கெமி ஏரியில் அன்று மழையெல்லாம் இல்லை.
மார்ச் மாதத்து நல்ல வெயில்.
உறைந்த நீர் ஒருமுறை முனகியது,
யாரோ கதவைத் திறப்பதுபோல,
அவ்வளவுதான்.
வெய்க்காவின் மஞ்சள் கையுறை மட்டும்
என் பிடியில் வந்தது.

பதினான்கு மாதம்.
எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் வேண்டாம் என்கிறேன்.
கடைக்காரர் ஏனென்று கேட்பதில்லை.
ஊர் சின்னது.

நேற்று சைக்கிளில் வந்தான்
அவன் தம்பி ஆர்ட்டு. ஒன்பது வயது.
"அண்ணன் கையுறை உன்னிடம்தானே?
கொடேன், கை விறைக்கிறது."

ஒன்றை வைத்து என்னடா செய்வாய்?

"ஒரு கை ஓட்டும்,
இன்னொன்று பைக்குள் இருக்கும்."

தலையணைக்கடியில் இருந்ததை
எடுத்துக் கொடுத்தேன்.
அவனுக்குப் பெரிது.
பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டு
ஏரிக்கரைச் சாலையிலேயே போனான்,
மணியடித்தபடி.

நாவலைத் திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும்.
இன்னும் எண்பது பக்கம் இருக்கிறது.