ஓரெழுத்து ஒருமொழி

கிரிம்ஸ்பியில் நன்றிக்கு ஓரெழுத்துப் போதும்.
டா.
மீன் பொட்டலத்தை நீட்டினால் டா.
கதவைப் பிடித்து நின்றால் டா.
பேருந்தை விட்டு இறங்கும்போது
ஓட்டுநரின் முகம் பார்க்காமலே ஒரு டா.
தேங்க் யூ என்பதெல்லாம்
வங்கிக்கும் வக்கீலுக்கும்.

பிப்ரவரியில்
நெவில் ப்ளாஞ்சர்டின் இடப்பக்க மூளையில்
ஒரு குழாய் அடைத்துக்கொண்டது.
சொற்கள் போயின.
லாரி போயிற்று, பனிக்கட்டி போயிற்று,
இருட்டில் மீன் ஏற்றி ஓட்டிய
அத்தனை சாலைகளின் எண்களும் போயின.
மனைவியின் பெயர்.
கெட்ட வார்த்தைகள்கூட,
அவை பெரும்பாலும் தங்கிவிடும்,
இவரிடம் தங்கவில்லை.
மிஞ்சியது டா.

நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் போகிறவள்.
செவ்வாய்தோறும் பத்தரைக்கு.
அட்டையில் கோப்பையைக் காட்டினேன்.
டா.
நாயைக் காட்டினேன்.
டா.
"இவர் யார்?" என்று எனிடைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
உதட்டைக் குவித்தார், கழுத்து நரம்பு புடைத்தது,
ஏதோ ஒன்று தொண்டைவரை ஏறி வந்தது.
டா.

சமையலறையில் எனிட் சொன்னார்:
"ஐம்பத்திரண்டு வருஷம்.
எனக்கு ஒருதரம் சொன்னதில்லை, தெரியுமா?
பால்காரருக்குச் சொல்வார்.
வழிவிட்ட காருக்கு விரல் தூக்குவார்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
பந்தை எடுத்துவந்த பக்கத்துவீட்டு நாய்க்குச் சொன்னார்,
நான் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன்.
நான் சட்டையைத் தேய்த்து வைத்தால்
அலமாரியில் சட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.
இப்போது
உப்பைத் தள்ளினால் டா,
மாத்திரை கசந்தால் டா,
நனைந்த விரிப்பை உருவும்போது டா.
இதில் எது நன்றி?
நீ படித்தவள், சொல்லேன்."

நான் படித்தது அந்த அளவுக்கு இல்லை.
பழக்கத்தில் தானாக வரும் சொல் என்றேன்,
பொருளைச் சுமந்துதான் வரவேண்டும் என்பதில்லை என்றேன்.
"அப்போ தும்மல் மாதிரி" என்றார் எனிட்.
கெட்டிலை நிரப்பினார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
என் மொழியில் டா எந்தச் சொல்லுக்கும் முன்னால் நிற்காது.
வாலில்தான் ஒட்டும்,
சாப்பிட்டாயாடா, வலிக்குதாடா என்று.
முன்னால் இருந்த சொல் மொத்தமும் உதிர்ந்து
வால் மட்டும் வந்து விழுவதாகத்தான்
செவ்வாய்தோறும் என் காதுக்குக் கேட்கும்.
நாக்கை ஒரு நகத்தளவு முன்னே தள்ளிப்
பல்லில் வைத்தால் அது தா.
கொடு என்று பொருள்.
கேட்பதற்கும் கொடுத்ததற்கு நன்றி சொல்வதற்கும்
நடுவே அவ்வளவுதான் தூரம்.

அக்டோபரில் எனிடுக்குக் காய்ச்சல்.
வாசற்கதவு திறந்திருந்தது, உள்ளே போனேன்.
சோபாவில் போர்வைக்குள் அவர்.
சமையலறையிலிருந்து நெவில் வந்துகொண்டிருந்தார்,
இடக்கையில் தேநீர்,
வலக்கால் ஒவ்வோர் அடிக்கும் தரைவிரிப்பில் இழுபட,
பாதி கோப்பையில், பாதி செருப்பில்.
பால் விட மறந்திருந்தார்.
எனிட் கையை நீட்டினார், வாங்கினார், குடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

நெவில் அங்கேயே நின்றார்.

இந்த ஊரில்
குழந்தைக்கு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு
மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு
புருவத்தை உயர்த்திக் கேட்பார்கள்.
அதே புருவம்.
எட்டு மாதத்தில் முதல் முறையாக
அந்த எழுத்தின் நுனி மேலே வளைந்தது:
டா?

எனிட் சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறியது.
இருமினார், கண் கலங்க மறுபடி சிரித்தார்.
"யார் கேட்கிறார் பார்" என்றார் என்னிடம்,
"யார் கேட்கிறார் பார்."

சொல்வார் என்று நினைத்தேன்.
நெவிலும் நினைத்திருக்கவேண்டும்,
நகரவே இல்லை.

எனிட் கடைசி மிடறையும் குடித்தார்.
போர்வையை விலக்கி
காலிக் கோப்பையை
அவர் பக்கம் நீட்டினார்.