கூரையுள்ள எழுத்து

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கில்
ஒரு நொத்தாரிசு இங்கிலீசில் எழுதிய உறுதி
பொலித்தீன் பையில் என் மேசைக்கு வந்தது,
பூச்சி தின்ற ஓரத்தோடு.
ஊறணி. ஏழு பரப்பு பதினொரு குழி.
கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால், தான்பயிர், வான்பயிர்:
இவற்றில் சிக்கலில்லை.
இங்கிருந்து போய் இரவல் சட்டை போட்டவை,
கழற்றிவிட்டால் போதும்.

நாலாம் வரியில்தான் அது நின்றது.
மெஸ்விஜ்.
சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று
இறப்பர் முத்திரை வைத்திருக்கும் நான்
பத்தொன்பது வருஷமாய் இதை
மெசுவாகே என்று மனசுக்குள் வாசித்து
வீடும் வளவும் என்று எழுதிக் கடந்திருக்கிறேன்,
தெரியாத வீட்டு நாயைக் கடப்பதுபோல.

இந்தமுறை கடக்க முடியவில்லை.
சொந்தக்காரி எதிரே இருந்தாள்.
எமில்டா, பிரான்சிலிருந்து.
ஆமி விட்ட காணியை
முந்தாநாள் பார்த்துவிட்டு வந்தவள்.
"கிணறு இருக்குது. வீடு இருந்த இடத்தில
நாயுண்ணிப் பத்தை.
வீடு எண்டு எழுதினா பொய்யாகாதோ?"

நான் காகிதத்துக்குத்தான் சாட்சி,
காணிக்கில்லை என்றேன்.
சொன்ன பிறகு வாய் கசந்தது.
முதுகில் பிளாஸ்டர் ஒட்டிய
தடித்த அகராதியை இறக்கினேன்.

போகிற வழியில் வேறு சொற்கள் மறித்தன.
நாம் ஊரடங்கு என்பதன் இங்கிலீசு
பழைய பிரெஞ்சில்
'நெருப்பை மூடு' என்ற கட்டளையாம்.
மணி அடித்தால்
அடுப்புத் தணலை மூடிவிட்டுப் படுக்கவேண்டும்.
வாசித்துக் காட்டினேன்.
"தொண்ணூறில ஓடேக்க," என்றாள்,
"நாங்கள் ஒண்டையும் மூடேல்ல.
புட்டு அவிஞ்சுகொண்டிருந்தது."

மெஸ்விஜ்.
குடியிருக்கும் வீடு,
அதைச் சேர்ந்த கொட்டில், முற்றம், தோட்டம்.
வேர் லத்தீன்: தங்கு.
அதற்குக் கீழே
'அநேகமாக' என்ற சொல்லின் பின்னால் ஒளிந்தபடி
இன்னொரு சேதி.
இந்தச் சொல் பிறந்ததே கைப்பிழையில்.
மெனாஜ் என்றிருந்ததைப் பிரதி பண்ணிய எவனோ
ஒரு எழுத்தைத் தலைகீழாய்ப் பார்த்திருக்கிறான்.

கழிவுத் தாளில் கீறிக் காட்டினேன்.
இது அவன் பார்க்க வேண்டிய எழுத்து:
இரண்டு சுவர், மேலே வளைந்த கூரை.
இது அவன் எழுதியது:
அதே இரண்டு சுவர், கீழே நிலம்.
மழை நேரே உள்ளே.

எமில்டா தாளைப் பார்க்கவில்லை.
"முதல் என்ன சொல்லுச் சொன்னனீங்கள்?"
மெனாஜ்.
சிரித்தாள்,
கீழே போட்டோக்கொப்பிக் கடைப் பெடியன்
படியேறி எட்டிப் பார்க்கும் வரை சிரித்தாள்.
"அது என்ர வேலையல்லோ.
பாரிசில மெனாஜ் எண்டா
மற்ற ஆக்களின்ர வீடு துடைக்கிறது.
இருபத்தெட்டு வருஷம். ஆறு வீடு,
ஒரு பல் டொக்டரின்ர கிளினிக்.
முழங்கால் ரெண்டும்
அந்தச் சொல்லிலதான் போனது."

கூரை போன சொல்
இங்கிலாந்தில் கோடேறி, பிறகு கப்பலேறி
ஊறணிக்கு வந்து உறுதியில் குந்தியது.
கூரையோடு நின்ற சொல்
பாரிசில் இவளிடம்
வாளியும் துணியும் கொடுத்தது.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
மின்விசிறி நின்றிருந்தது; எப்போது என்றும் தெரியவில்லை.

வளவு என்று மட்டும் எழுதினேன்.
வீடு இருந்தாலும் இடிந்தாலும்
வளவு வளவுதானே.
அவள் விடவில்லை.
"வீட்டையும் போடுங்கோ.
அந்தாள் எழுதேக்க இருந்ததுதானே."

போட்டேன்.
மை ஒற்றி முத்திரையை அழுத்தினேன்.
தலைகீழாய் விழுந்தது.

"பரவாயில்ல," என்றாள், பையைப் பூட்டிக்கொண்டே,
"நூறு வருஷம் போக
ஆராவது அகராதியில போடுவினம்."