ஒன்பது வினாடி

முதலில் அதன் பெயர் கரையோரக் கணக்கு.
அறுபத்தொன்றில் மதராஸிலிருந்து வந்த கூட்டம்
பினாங்குத் துறைமுகத்தில் இரண்டு நாள்
மழையோடு சண்டை போட்டுவிட்டு
மூன்றாம் நாள் மழையையே படத்தில் சேர்த்துக்கொண்டது.
பெர்ரி டிக்கெட் அறைக்குள் இருந்த என்னை
விரல் நீட்டி அழைத்தார்கள்.
ஒரு குடை கொடுத்தார்கள்.
ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.
புருஷன் பெண்சாதி, என்றார் தொப்பிக்காரர்,
கிரேனில் தொடங்கி அந்தச் சைக்கிள் வரைக்கும் நடங்கள்,
கேமராவைப் பார்க்காதீர்கள்.
கூலி இரண்டு வெள்ளி, ஒரு வடை.

பாதி வழியில் அவள் ஏதோ சொன்னாள்.
கப்பல் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.
என்ன, என்று நான் கேட்பதற்குள்
சைக்கிள் வந்துவிட்டது.

பினாங்கு ரோட்டில் பதினோரு நாள் ஓடியது.
கணக்கு என்று பெயர் வைத்தால்
சனம் பள்ளிக்கூடம் என்று பயந்துகொள்ளாதா, என்றார் விநியோகஸ்தர்.
அறுபத்தாறில் அதுவே ஆயிரம் வெள்ளி மணமகள்.
படத்தில் மணமகள் கிடையாது.
எங்கிருந்தோ ஒரு நடனக்காரியைக் கொண்டுவந்து ஒட்டினார்கள்.
அவள் ஆட இடம் வேண்டுமே,
எங்கள் ஒன்பதில் ஐந்தை வெட்டினார்கள்.
கிரேனிலிருந்து கிளம்புகிறேன், போய்ச் சேரவில்லை.
பொற்கொடியைப் பெண் பார்த்த மாதம் அது.
அவள் வீட்டார் எல்லாரையும் பால்கனியில் உட்காரவைத்து
இதோ, என்றேன்.
அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

எழுபத்துநாலில் அகலத்திரை மோகம்.
மேலேயும் கீழேயும் சீவிவிட்டு
கடத்தல்காரன் மகள் என்றார்கள்.
கடத்தல்காரன் யாரென்று பார்த்தால்
முன்பு சுங்க அதிகாரியாக வந்த அதே ஆள்,
குரல் மட்டும் வேறு.
எங்களுக்குத் தலை இல்லை, பாதம் இல்லை.
ஒரு குடைக்காம்பு, இரண்டு இடுப்பு.
உங்க இடுப்பா அது, என்றாள் பொற்கொடி.
தெரியும் அவளுக்கு.

சூலியா தெரு ஜமால்தீன் கடை வீடியோவில்
அட்டையில் கப்பலில் வந்த காதலி,
உள்ளே ஓடும்போது பழையபடி கடத்தல்காரன் மகள்.
சதுரப் பெட்டிக்குள் ஒருவருக்குத்தான் இடம்.
நான் தனியே நடந்தேன்,
யாருமில்லாத பக்கத்தைப் பார்த்துச் சிரித்தபடி.

மூல நெகடிவை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்களாம்.
இரண்டு வெள்ளிக்கு நடந்தவன்
வெள்ளியாகவே போயிருக்கிறேன்.

போன வருசம் முழுப் பிரதி ஒன்று கிடைத்தது,
ரங்கூனில், ஓர் அரிசிக் கிடங்கில்.
துடைத்து, தைத்து, பழைய பெயரையே திரும்ப வைத்து
கொம்தார் பக்கம் ஒரு மண்டபத்தில் போட்டார்கள்.
வண்ணம் பூசவில்லை, நல்ல வேளை.
ஆனால் பர்மிய எழுத்தைச் சுரண்ட முடியவில்லை.
முறுக்குப் பிழிந்த மாதிரி வட்ட வட்டமாய்
அது திரையின் அடியில் கிடந்தது.
நாங்கள் அதன்மேல் நடந்தோம்,
ஒன்பது வினாடியும், தலையோடு, காலோடு.

காட்சியில் வசனமே கிடையாது.
பிறகு அங்கே எதற்கு ஒரு வரி?

போனில் பிடித்துக்கொண்டேன்.
எங்கள் புளோக் கீழே மளிகைக் கடையில்
வேலை செய்யும் மியன்மார்ப் பெண் தின்சா
வெங்காயம் நிறுத்துக்கொண்டே படித்தாள்.
அவள் மலாயில் சொன்னது
தமிழில் விழுந்தது எனக்கு:

குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்கள்.

எழுதியவன் உதட்டைப் படித்தானோ,
அவளுடைய வலது தோள் நனைவதைப் பார்த்து
அவனாகவே போட்டானோ,
ரங்கூனில் யாரைப் போய்க் கேட்பது.
திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஆமாம்.
குடை முழுக்க என் மேல்தான்,
தலை வெட்டாத எல்லாப் பிரதியிலும்.

மூன்று வெள்ளி நாற்பது, என்றாள் தின்சா.
அந்த அக்கா யாரென்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
பெயர் சொல்லத் தெரியாது எனக்கு.