பதினோரு ஜோடிக்கு ஒரு ரயில்

நாகலூர் பெலிக்ஸ் சார்
காப்பி விலை விழுந்த வருஷம்
பதினோரு ஜோடிக் கொலுசுக்குப் பணமில்லை என்று
அட்டைப்பெட்டியில் ஒரு ரயிலைக் கொடுத்தனுப்பினார்.
எஞ்சின் ஒன்று, பெட்டி ஐந்து,
மேஜையைச் சுற்றிவரத் தண்டவாளம்.
'வெள்ளியா?' என்றாள் இந்துராணி.
இல்லை.
'அப்புறம்?'

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை மாடியில்
மெருகு மோட்டார் ஓய்ந்தபிறகு ஓட்டுவேன்.
ஜன்னலோர வளைவில் நிற்கும்.
விரலால் நெட்டினால் போகும்.
அடுத்த சுற்றில் அங்கேயே நிற்கும்,
தண்ணித்தொட்டி கண்ட மாடு மாதிரி.

தண்டவாளத்தைத் துடைத்தேன். வயரை மாற்றினேன்.
பெலிக்ஸ் சாரைத் திட்டினேன்.
ஒருநாள் எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தால்
எட்டுச் சக்கரத்திலும் அப்பிய மைபோல் ஒரு கறுப்பு.
நகத்தால் சுரண்டி மோந்தேன்.
மெருகுப்பொடி வாசனை.
என் பட்டறைத் தூசிதான்
என் ரயிலை மறித்திருக்கிறது.

வெள்ளிக்காரனுக்கு
அழுக்கெடுக்கச் சொல்லித்தரவா வேண்டும்?
பூந்திக்கொட்டைத் தண்ணீர், பித்தளை பிரஷ்.
பளபளவென்று ஆயிற்று.
மூன்றே நாளில் முன்னைவிட மோசம்.
பிரஷ் போட்ட கீறல் ஒவ்வொன்றும்
அழுக்குக்கு நானே போட்டுக்கொடுத்த பலகை.
மாதேசன் சிரித்தான்:
'கொலுசு மின்னுனா போதும்ணே,
இதுக்குக் கரண்டு ஏறணும்.'

வேட்டியில் ஒரு கிழிசல்,
மருந்துக்கடை ஸ்பிரிட் நாலு சொட்டு.
குறுக்கே விரித்து
முன்சக்கரங்களைத் தண்டவாளத்திலும்
பின்சக்கரங்களைத் துணியிலும் வைத்து
எஞ்சினைப் பிடித்துக்கொண்டேன்.
முன்பாதி கரண்டை வாங்கித் தர
பின்பாதி நின்ற இடத்திலேயே ஓடியது,
கைக்குள் கோழிக்குஞ்சாய்த் துடித்தபடி.
பிறகு திருப்பிவைத்து, மறுபாதி.

துணியை எடுத்துப் பார்த்தேன்.
எங்கும் போகாத ஓட்டத்துக்கு
இரண்டு கறுப்புக் கோடு,
தண்டவாளத்தின் அதே அகலத்தில்.
அத்தனை நேர் என் கையால் வராது.
இந்துராணியிடம் காட்டினேன்.
'யார் வேட்டி?' என்றாள்.

பத்தரைக்கு மேல்
காற்று இந்தப் பக்கம் அடித்ததில்
ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஊதுவது கேட்டது.
நானும் விட்டேன்.
ஜன்னலோர வளைவு. மூச்சைப் பிடித்தேன்.
போயிற்று.
பற்றுவரவு நோட்டில்
பெலிக்ஸ் சார் பக்கத்தை விரித்து
சுற்றுக்கு ஒரு ஜோடி அடித்துக்கொண்டே வந்தேன்.

எட்டு முடிந்ததும் நின்றுவிட்டது.
கீழே மாதேசன்
அவசர ஆர்டருக்கு மெருகு மோட்டாரைப் போட்டிருக்கிறான்.

மூன்று ஜோடி பாக்கி.
துணியில் இன்னும்
வெள்ளையாய்க் கொஞ்சம் ஓரம் இருக்கிறது.