காற்றாலை

வாக்கனாய் துறைமுகத்தில்
கயிறும் நங்கூரமும் விற்கும் கடையின் மாடி.
ஞாயிறு, மதியம் ஒரு மணி.
எதிரே ஒய்காவா சுமியே,
நகரப் பேருந்தின் நான்காம் தடத்து ஓட்டுநர்.
கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக
முழங்காலருகே வைத்தாள்.

முப்பத்தேழு நகர்வுகளை நெட்டுரு போட்டு வந்திருந்தேன்.
கணினி சொன்னவை.
எட்டாவதிலேயே செல்லாக்காசாயின.

ராஜாவுக்கு அவள் கோட்டை கட்டவில்லை.
தங்கங்கள் இரண்டும்
பிணங்கிய தம்பதிபோல் ஆளுக்கொரு மூலை.
குதிரைகள் முன்பே தாவியாயிற்று.
ராஜா நடுவில்,
மேல்சட்டைப் பொத்தானும் போடாமல்.
தேரை, முன்னால் ஓட வேண்டிய தேரை,
எல்லோருக்கும் பின்னே
கடைசி வரிசைக்கு இறக்கிவிட்டாள்.

"காற்றாலை" என்று முணுமுணுத்தார்
பக்கத்துப் பலகையிலிருந்து மீன் ஏலக் குமாஸ்தா குரோதா.
"இதை யார் ஆடுகிறார்கள் இப்போதெல்லாம்?"

வலப்பக்கம் வெள்ளியை ஏற்றினேன்.
தேர் அங்கே நகர்ந்து
கதவு தட்டுமுன் திறந்தவள்போல் நின்றது.
இடப்பக்கம் சிப்பாயை நீட்டினேன்.
தேர் இங்கே.
திட்டம் என்று ஒன்று இருந்தால் அல்லவா
முறிப்பதற்கு!
ஐந்து கட்டம் விலகி ஐந்து கட்டம் திரும்பி
பிடி கொடுக்கவே இல்லை.

கணினியைக் கேட்டால்
முந்நூறு புள்ளி உனக்கே சாதகம் என்றிருக்கும்.
சரி,
அந்தச் சாதகத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது?

ஜன்னலுக்கு அப்பால் குன்றின்மேல்
நிஜக் காற்றாலைகள்
அசையாமல் நின்றன.
காற்று அளவு மீறினால்
தாமே நின்றுவிடுமாம்.

என் தங்கம் போனது, வந்தது.
அவள் தேர் போனது, வந்தது.
நான்காம் முறையாக அதே நிலை.
ஆயிரம் நாள் ஆட்டம் என்பார்கள் இதை;
பகல் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது.
வெற்றியுமில்லை தோல்வியுமில்லை,
பக்கம் மாற்றி, மிச்ச நேரத்தில்
முதலிலிருந்து ஆட வேண்டும்.

என் கடிகாரத்தில் ஆறு நிமிடம்.
அவளுடையதில் முப்பத்தொன்று.

காய்களை அடுக்கினோம்.
என் விரல்தான் நடுங்கியது,
ஒரு சிப்பாய் கவிழ்ந்து பாயில் உருண்டது.
எடுத்துக் கொடுத்தாள்.
"வெளியே சரியான காற்று" என்றாள்.
மாலை முழுவதும் அவள் பேசியது அவ்வளவுதான்.

இப்போது முதல் நகர்வு அவளுக்கு.
யோசித்தாள்,
யோசிக்க நேரம் வைத்திருப்பவர்களின் யோசனை.
பிறகு
ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாள்,
எதையும் சொல்லாத நகர்வு,
கடிகாரத்தை அமுக்கினாள்.

ஐந்து ஐம்பத்தொன்பது.
குன்றின்மேல் ஓர் இறக்கை அசைந்ததோ?
பார்க்க எனக்கு நேரமில்லை.